பந்து வராத முதல் பாதி

எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவளை ஷட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவளே சில நேரம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். கேலிக்கு வைத்த பெயர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவள் உழைத்துச் சம்பாதித்த பெயர்.

அவள் அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை; மதியம் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்காது. அதனால் சின்ன வயதில் அவள் நேரே பஸ் டெப்போவுக்குப் போய்விடுவாள். அப்பாவின் கடைசி ட்ரிப் முடியும்வரை ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அந்த டெப்போவின் பின்பக்கம் உதிரிச் சாமான் அறை ஒன்று உண்டு. அதற்குப் பெரிய இரும்பு ஷட்டர். மெக்கானிக்குகள் டீ குடிக்கிற நேரத்தில் அந்த ஷட்டரைக் கோலாக வைத்துக்கொண்டு பந்து உதைப்பார்கள். உள்ளே ஸ்டோர்கீப்பர் கண்ணயர்ந்திருப்பார். பந்து ஷட்டரில் பட்டால் இடி விழுந்த மாதிரி சத்தம் வரும். மனிதர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்து பந்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிடுவார். ஆக, ஆட்டம் நடக்க வேண்டுமென்றால் பந்து ஷட்டரைத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். உதைக்க எல்லாருக்கும் ஆசை, நிற்க ஒருவருக்கும் ஆசையில்லை.

"நான் நிக்கிறேன் மாமா" என்று டயரை விட்டு எழுந்தாளாம்.

சிரித்திருக்கிறார்கள். முதலில் குழந்தைக்கு உருட்டுவதுபோல உருட்டியிருக்கிறார்கள். பிடித்தாள். கொஞ்சம் வேகமாக உதைத்தார்கள். பிடித்தாள். பிறகு அவர்களுக்கே ரோஷம் வந்து, மீசை வைத்த ஆண்கள் எல்லாம் ஓங்கி ஓங்கி உதைத்தும் ஷட்டரில் சத்தம் வரவில்லை. "அந்த ஸ்டோர்கீப்பர் இவ புண்ணியத்துல ரிட்டயர் ஆகிறவரைக்கும் நிம்மதியாத் தூங்கினார் பாட்டி" என்று அவள் அப்பா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். மாடிப்படிக்கு நேர் எதிரே என் வாசல். எனக்கு எழுத்து வாசனை கிடையாது; ஆனால் படியில் ஏறுகிற காலடியை வைத்தே யார், என்ன மனநிலையில் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை இவள் என் சமையலறையில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தாள். அலமாரி விளிம்பிலிருந்து கண்ணாடி டம்ளர் ஒன்று நழுவியது. முகம் என் பக்கமே இருந்தது, பேச்சும் நிற்கவில்லை. கை மட்டும் தனியாகப் போய் அதைப் பிடித்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தது. அன்றைக்குத்தான் இவளை நன்றாகப் பார்க்கவே ஆரம்பித்தேன்.

வளர்ந்தாள். பள்ளிக்கூட அணிக்கு கோல்கீப்பர் ஆனாள். கை ஒவ்வொன்றும் முழங்கால்வரை தொங்குமோ என்று தோன்றும். இடது சுண்டுவிரல் ஒரு பந்தில் மடங்கியது, மடங்கியதுதான், பிறகு நேராகவே ஆகவில்லை. படிப்பில் மக்கு என்றும் சொல்ல முடியாது, கெட்டி என்றும் சொல்ல முடியாது. ஆனால் மனதில் ஒரு கேள்வி மட்டும் முள் மாதிரித் தைத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் பஸ் ஆற்றுப் பாலத்தில் போகும்போது எதிரே இன்னொரு பஸ் வந்தால் பாலம் நடுங்கும். ஏன் நடுங்குகிறது, நடுங்கியும் ஏன் விழவில்லை என்று போகிற வருகிறவரையெல்லாம் கேட்பாள். பாலம் கட்டுகிற படிப்புதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். பிடிவாதம் பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

அந்தப் படிப்புக்குப் பேர்போன கல்லூரி ஒன்று உண்டு. குன்றின்மேல் கல்லால் கட்டியது. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் இடம் கேட்பார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் கதவு திறக்கும். எங்கள் முதல் மாடியில் இருக்கும் கணக்கு ட்யூஷன் சாரின் மகன், வகுப்பில் எப்போதும் முதலாக வருகிறவன், இவளுக்கு ஒரு வருஷம் முன்பு அங்கே இடம் கேட்டான். கிடைக்கவில்லை. வேறு ஊரில் எங்கோ படிக்கிறான். அதிலிருந்து சார் அந்தக் கல்லூரிப் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பள்ளியின் கடைசி வருஷத்தில் ஒருநாள் பி.டி. டீச்சர் எங்கள் கட்டடத்துக்கு வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறத் தெம்பில்லை என்று என் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஷட்டரையும் அவள் அப்பா அம்மாவையும் அங்கேயே வரவழைத்தோம். கல்லூரிப் பெயர் படிக்கட்டில் ஏறிப் போயிற்றோ என்னவோ, கூப்பிடாமலேயே ட்யூஷன் சாரும் இறங்கி வந்து வாசலில் சாய்ந்து நின்றார்.

"அந்தக் காலேஜோட கால்பந்து கோச் நம்ம பொண்ணைப் பாக்க வராங்க" என்றாள் டீச்சர். "அங்க ஒவ்வொரு கோச்சுக்கும் சில பேரைச் சொல்ற உரிமை இருக்கு. ‘இந்தப் பொண்ணு எனக்கு வேணும்’னு அட்மிஷன் ஆபீஸ்ல சொல்லலாம். மார்க் ஒரு கோட்டைத் தாண்டியிருக்கணும். தாண்டியிருந்தா, மத்தவங்க விண்ணப்பம் மூட்டை மூட்டையாக் கிடக்கும்போது இவளோடது மட்டும் மேசைமேல தனியா இருக்கும்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பந்து பிடிச்சாப் பாலம் கட்டுற படிப்புக்கு இடமா?"

"ஆமா பாட்டி. அவங்களுக்கு டீமும் வேணும்ல?"

"அந்தக் கோட்டை எங்க போட்டிருக்காங்கன்னும் கேளுங்க" என்றார் வாசலில் நின்ற சார். "என் பையனுக்குப் போட்ட கோடு வேற. இவளுக்குப் போடற கோடு வேற. இவ உள்ள போனா, வேற யாரோ பெத்த புள்ள ஒண்ணு வெளிய நிக்கும். அதையும் சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஷட்டரின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்மள மாதிரி ஆளுங்க அந்தப் பக்கம் பஸ் ஓட்டிட்டுப் போகலாம். உள்ள போக முடியுமா டீச்சர்? இவளுக்குக் கணக்கு வேற தகராறு."

"கோட்டைத் தாண்ட கணக்குல இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றாள் டீச்சர். "அதுக்கு நல்ல ஆள் யாராவது சொல்லித் தந்தா..."

நான் ட்யூஷன் சாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"சார், நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றேன்.

"நானா? நல்லாருக்கே கதை! என் புள்ளைக்குக் கிடைக்காத இடத்துக்கு நானே ஆள் தயார் பண்ணி அனுப்பணுமா?"

"வேற யாரு பண்ணுவா, நானா? எனக்கு என் பேரையே எழுதத் தெரியாது. நீங்க முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் நாளைக்கும் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். படியில நீங்க ஏறும்போதும் கேப்பேன், இறங்கும்போதும் கேப்பேன்."

அவருக்கு என்னைத் தெரியும். பெருமூச்சு விட்டார். "நாளைக்கு சாயங்காலம் வரச் சொல்லுங்க. லேட்டா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கீழே எனக்குக் கேட்கும். "எதிர்ல ஓடி வர்றவ எந்தப் பக்கம் உதைப்பான்னு தெரியுது, இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியலையா? கண்ணைத் தொறந்து பாரு!" திட்டு அப்படி விழும். அவள் ஒரு தடவைகூட முகம் வாடி இறங்கி வந்ததில்லை. "சார் உதைக்கிறார் பாட்டி, நான் பிடிக்கிறேன்" என்பாள்.

கோச் வருகிற நாளும் வந்தது. வருவது ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான். மறுநாள் வேறு ஊர், வேறு பெண். ஷட்டருக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் பார்க்கத் தைரியமில்லை. உட்காரும் வரிசைகளுக்குப் பின்னால், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். நான் ட்யூஷன் சாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போயிருந்தேன்.

கோச் மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நரைத்த குட்டை முடி, தொப்பி, மடியில் ஒரு பிளாஸ்க். "சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாரும் ஆட்டம் முடியற வரைக்கும் அவங்ககிட்டப் போய்ப் பேசக்கூடாது. முக்கியமா நீங்க, பாட்டி" என்று பி.டி. டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். எனக்கு வாய் நமநமவென்றது. அடக்கிக்கொண்டு இரண்டு வரிசை கீழே உட்கார்ந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு ஆடிய மாதிரி நான் பார்த்ததே இல்லை. ஷட்டருக்கு முன்னால் காவலுக்கு நிற்கும் நான்கு பெண்களும் பேய் பிடித்த மாதிரி ஓடினார்கள். அவர்களில் ஆணி என்று ஒருத்தி. குள்ளமாக, அடித்த இடத்தை விட்டு அசையாதவள். எதிர் அணியில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். பந்து அவள் காலுக்கு வருமுன்பே ஆணி போய்த் தட்டிவிடுவாள். எங்கள் அணி ஒரு கோலும் போட்டுவிட்டது. நான் கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

"என்னாச்சு? என்னாச்சு?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலம்மா, இவகிட்ட ஒரு பந்துகூட வரல!" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

ட்யூஷன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுல என்ன பெருமை? அதுக்கு அங்க ஒரு கம்பத்தை நட்டு வச்சிருக்கலாமே."

"ஏன் சார் வயித்தெரிச்சல்?"

"வயித்தெரிச்சல் இல்ல பாட்டி, யோசிச்சுப் பாருங்க. கடையைத் திறந்து வச்சிருக்கு, சாமானை யாரும் எடுத்தே காட்டல. அந்தம்மா என்னத்தைப் பாத்துட்டுப் போவாங்க?"

அப்போதுதான் ஷட்டரைப் பார்த்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவில், கையுறை மாட்டிய கைகளைப் பிசைந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றுகொண்டிருந்தாள். மேலே திரும்பினேன். கோச் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடிவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

இடைவேளை விசில் ஊதியதும் நான் எழுந்து கீழே போனேன். கோச்சோடுதானே பேசக்கூடாது என்றார்கள்? பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அங்கே பி.டி. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னடி ஆச்சு உங்களுக்கு? வழக்கமா ஆட்டத்துக்குப் பத்துப் பந்தாவது பின்னால விடுவீங்களே!"

ஆணி மூச்சு வாங்கிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்: "நாங்க நாலு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம் டீச்சர். இன்னைக்கு ஒரு பந்தும் ஷட்டரைத் தொடக்கூடாது. அவ கோல் வாங்கலைன்னா சீட் கிடைச்சிடும்ல?"

"அடிப்பாவிகளா!" டீச்சருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அவ பந்து பிடிக்கிறதைப் பாக்கத்தான்டி அந்தம்மா அவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்திருக்காங்க! சும்மா நிக்கிறதைப் பாக்கவா?"

நான்கு முகங்களும் ஒரே நேரத்தில் கறுத்துப்போயின. ஆணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எங்களுக்குத் தோணலையே டீச்சர்... நாங்க அவளுக்கு நல்லது பண்றோம்னு..." என்று தேம்பினாள். இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ரெண்டாவது பாதியில கண்டுக்காம நாலு பந்தை விட்டுடறோம். என்ன?" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் ஷட்டர்.

அதுவரை ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டுச் சொன்னாள்: "வேணும்னே விட்டா அந்தம்மாவுக்குத் தெரியாதா? அவங்க ஆயுசு பூரா இதைத்தான் பாத்துட்டிருக்காங்க. நீங்க நடிச்சா நான் பிடிக்கிறதும் நடிப்பாத்தான் தெரியும்." பிறகு ஆணியின் தோளைத் தட்டினாள். "அழாத, மூக்கு ஒழுகுது. நான் சொல்றதைக் கேளு. நீங்க நாலு பேரும் மேல போங்க. நடுக்கோடு வரைக்கும் போங்க. பின்னால இருக்கிற இடம் பூராவையும் எனக்கு விட்டுடுங்க."

டீச்சர் பதறினாள். "பாதி மைதானம் காலியாக் கிடக்கும்டி! அந்த நெட்டைக்காரி ஓடினா நீ ஒருத்தி என்ன பண்ணுவ?"

"ஓடட்டும் டீச்சர். நான் அவளுக்கு முன்னாடி ஓடறேன். முன்னால ஆள் கூடினா நமக்கும் இன்னொரு கோல் வரும்ல? ஜெயிக்கத்தான் ஆடறோம்."

"கோல் விழுந்துட்டா?"

"விழுந்தா விழட்டும். இப்படியே நின்னுட்டு வீட்டுக்குப் போறதுக்கு அது தேவலை."

டீச்சர் மற்ற பெண்களைப் பார்த்து, "கேட்டீங்கல்ல? போங்க மேல" என்றாள்.

இரண்டாவது பாதியில் நான் கண்டதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் நடுக்கோட்டுக்குப் போய்விட்டார்கள். ஷட்டருக்கு முன்னால் வெறும் புல். அவ்வளவு பெரிய பச்சை வெளியில் அவள் ஒருத்தி. கம்பத்தை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றாள். காற்றில் என்ன வருகிறது என்று மோப்பம் பிடிக்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் எங்கே போனாள்? இது வேறு பெண்.

எதிர் அணிக்கு ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை. பிறகு தூக்கி அடித்தார்கள். பந்து எங்கள் பிள்ளைகளின் தலைக்குமேல் பறந்து காலி இடத்தில் விழுந்தது. நெட்டைப் பெண் காற்றாக வந்தாள். ஷட்டரும் ஓடினாள்.

"ஐயோ, கோட்டுக்கு வெளிய வந்துட்டாளே!" என்று ட்யூஷன் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அங்க அவ கையால தொடக்கூடாது பாட்டி!"

அவள் தொடவில்லை. பாய்ந்து தலையால் முட்டினாள். பந்து மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள், தன் வீட்டு வாசலைப் பெருக்கிவிட்டுப் போகிறவளைப் போல.

மறுபடி வந்தார்கள். இந்த முறை நெட்டைப் பெண் பந்தோடு தனியாக நேரே வந்துவிட்டாள். ஷட்டர் அவள் காலடியில் பக்கவாட்டில் விழுந்தாள். இரண்டு பேரும் உருண்டார்கள். உருண்டு நின்றபோது பந்து ஷட்டரின் நெஞ்சோடு இருந்தது. தாய் பிள்ளையை அணைப்பதுபோல அதை மூடிக்கொண்டு கிடந்தாள். நெட்டைப் பெண்ணே அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இந்தப் பெண்ணா என் சமையலறையில் கால் மாற்றி நின்று கதை பேசியவள்? இவ்வளவும் அந்த உடம்புக்குள் எங்கே இருந்தது?

பிறகு கோல் விழுந்தது. அவள் முன்னால் நிற்பதைப் பார்த்து அந்த நெட்டைப் பெண் தூரத்திலிருந்தே பந்தை மேலே தூக்கிவிட்டாள். அது ஷட்டரின் தலையைத் தாண்டி, காலியாகக் கிடந்த கம்பங்களுக்கு நடுவே துள்ளித் துள்ளி உள்ளே போயிற்று. அவள் பின்னாலேயே ஓடினாள், எட்டவில்லை.

"என்னாச்சு?" என்று அம்மா கேட்டாள். மேலே கோச்சைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆணியும் மற்ற மூவரும் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள், மறுபடி அவளுக்கு அரணாக நிற்பதற்கு. அப்போது அவள் கத்திய கத்தல் எங்கள் வரிசைவரை கேட்டது.

"யாரு வரச் சொன்னா? போ! மேல போ! நடுக்கோட்டுல போய் நில்லுடி!"

ஆட்டைத் துரத்துவதுபோல இரண்டு கையையும் வீசித் துரத்தினாள். வலைக்குள் கிடந்த பந்தைத் தானே எடுத்து, சட்டையில் துடைத்து, நடுவுக்கு எறிந்தாள். பிறகு முன்பு நின்ற இடத்துக்கே வந்தாள். இல்லை, நான் கண்ணால் பார்த்தேன், அதைவிடவும் ஓர் அடி முன்னால்.

நானாக இருந்தால் ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். எவ்வளவு பெரிய மனிதரும் அடி வாங்கிய இடத்தை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். இது என்ன நெஞ்சு!

கடைசியில் அந்த நெட்டைப் பெண் அதையே மறுபடி செய்து பார்த்தாள். அதே தூரம், அதே உயரம். பந்து மேலே எழும்பியதும் ஷட்டர் முதுகுப்புறமாகவே ஓடத் தொடங்கினாள், கண் வானத்தில். ஓடிக்கொண்டே இருந்தாள். பந்து இறங்கியது. இனி எட்டாது என்று நான் நினைத்த நேரத்தில் அவள் தரையை விட்டுப் போனாள். வில்லாக வளைந்து, அந்த நீளமான கை ஒன்று இன்னும் நீண்டு, மடங்கிய விரலோ மடங்காத விரலோ ஒன்று பந்தைத் தடவியது. அவ்வளவுதான், தடவல். பந்து மேல் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு வலைக்குப் பின்பக்கம் விழுந்தது. அவள் முதுகு தரையில் அறைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

எதிர் அணிப் பெண்கள்கூடக் கை தட்டினார்கள். பக்கத்தில் பார்த்தால் ட்யூஷன் சாரைக் காணோம். அவர் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டம் சமமாக முடிந்தது. கோச் இறங்கி வந்தாள். முதலில் அந்த நெட்டைப் பெண்ணிடம் போய் என்னவோ பேசினாள். பிறகு ஷட்டரிடம் வந்தாள். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"கோல் விழுந்தப்புறம் ஏன் நீ பின்னால போகல?" என்று கேட்டாள் கோச்.

"பின்னால போனாப் பந்து வராது மேடம்" என்றாள் இவள். "பந்து வரலைன்னா நீங்க எதைப் பாப்பீங்க?"

கோச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ எனக்காகவா அங்க நின்ன?"

"ஆமா மேடம். ஆனா எங்க டீம் ஜெயிக்கவும்தான். ஜெயிக்கல."

"நான் உன் பேரைச் சொல்லுவேன்" என்றாள் கோச். "ஆனா நான் சொல்றதோட முடிஞ்சிடாது. கணக்கு மார்க் கோட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, அழுதாலும் முடியாது. யாரு உனக்குக் கணக்கு சொல்லித் தராங்க?"

என் பின்னாலிருந்த ட்யூஷன் சார் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ட்யூஷன் சார் தெருமுனையில் வந்து நின்றார்.

"நீங்க ஏறி நின்னதை நான் பாத்தேன்" என்றேன், சீண்டுவதற்கு.

"பாட்டி, நான் பாத்தது நிஜம். அந்தப் பொண்ணு பெரிய ஆளு. அதுல சந்தேகமே இல்ல" என்றார். "ஆனா என் பையனும் இப்படித்தான் கணக்குப் போடுவான். விழுவான், எழுந்து வருவான், அதே இடத்துல மறுபடி நிப்பான். அதை யாரும் வரிசை கட்டி உக்காந்து பாக்கல. பாத்திருந்தா அவனுக்கும் எழுந்து நின்னிருப்பாங்க."

அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

மனிதர் அதோடு விட்டுவிடவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கத்தைவிட முன்னதாகவே, "எங்க அவ? இன்னும் வரலையா?" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது. பரீட்சை வரைக்கும் அந்தக் குரல் ஓயவில்லை. முடிவு வந்தபோது கணக்கு கோட்டைத் தாண்டியிருந்தது. தாண்டியது கொஞ்சம்தான் என்று சார் குறைப்பட்டுக்கொண்டார்.

அதன்பிறகு காத்திருந்தோம். ஒரு மதியம் அவள் என் அறையில் உட்கார்ந்து எனக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். கத்தவில்லை, குதிக்கவில்லை. ஊசியைப் பத்திரமாகத் துணியில் குத்தி வைத்தாள்.

"கிடைச்சிடுச்சு பாட்டி" என்றாள். "அப்பாகிட்ட நேர்ல சொல்லணும். நீங்களும் வாங்க."

செருப்பு மாட்டக்கூட எனக்கு அவகாசம் தராமல் இழுத்துக்கொண்டு போனாள். நிறுத்தத்தில் அவள் அப்பாவின் பஸ்ஸுக்காக நின்றோம். வந்தது. கூட்டம். அவள் புகுந்து புகுந்து அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று மேலே பலகை தொங்குகிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் அப்பா அந்தச் சட்டத்தைப் பெற்ற மகளுக்கும் தளர்த்தாதவர் என்று தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தமாகப் போயிற்று. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் கண்ணாடியில் ஒரு தடவை மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப் போவதை நான் பார்த்தேன். கேட்கவில்லை அந்த மனிதர். வண்டி ஒரு குலுக்கல் குலுங்கவில்லை. எனக்குத்தான் கத்திச் சொல்லிவிடலாம்போல இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு இன்ஜினை அணைத்தார்.

"என்ன?" என்றார், திரும்பாமல்.

"கிடைச்சிடுச்சுப்பா."

அவர் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார். எங்கே போகிறார் என்று பார்த்தால், வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் டயர், பின் டயர், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சுற்றி முடித்ததும் இன்னொரு சுற்றுப் போனார். மகள் இறங்கி அவர் எதிரே போய் நின்ற பிறகுதான் நின்றார். அவள் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடங்கிய அந்தச் சுண்டுவிரலைத் தடவினார்.

"இந்தக் கையையா அவங்க கேட்டாங்க?" என்றார்.

"கணக்கையும் சேத்துத்தான்பா கேட்டாங்க" என்றாள் அவள், அழுதுகொண்டே.

அதற்குள் திரும்பிப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டிரைவர்! வண்டியை எடுக்கிற எண்ணம் இருக்கா இல்லையா? டயரையே எத்தனை தரம் பாப்பீங்க?" என்று சத்தம் போட்டாள்.

"எடுக்கிறேன்மா, எடுக்கிறேன்" என்றார் அவர், முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கோச்சுக்காதீங்க. எம் பொண்ணு பாலம் கட்டப் படிக்கப் போறா."